ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே பரிசு: வாசகர் கேள்வி – பதில்

பலர் சேர்ந்து ஆன்லைனில் ஒரு பரிசு வாங்கும்போது வரும் சிக்கல்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். புரியவேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் கணக்குப் போட்டிருக்கிறோம். அந்த எண்களை உங்கள் ஊர்ப் பணத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பிரிவில் 18 பேர். ஓய்வுபெறப் போகும் மூத்த சக ஊழியருக்குச் சேர்ந்து ஒரு பரிசு வாங்கலாம் என்று முடிவாகி, பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பொருளை முதலில் தேர்ந்தெடுப்பதா, பணத்தை முதலில் வாங்குவதா?

பணம்தான் முதலில். பொருளை முடிவு செய்துவிட்டு வசூலுக்குக் கிளம்பினால் துண்டு விழும் தொகை உங்கள் பையிலிருந்துதான் போகும்.

கணக்கைப் பாருங்கள். பொருள் 9,000, டெலிவரி 150, பேக்கிங்கும் வாழ்த்து அட்டையும் 90. மொத்தம் 9,240. பதினெட்டால் வகுத்தால் 513 சொச்சம். ஆளுக்கு 520 என்று சொல்லிவிடுகிறீர்கள். ஒருவர் விடுப்பில் இருக்கிறார், ஒருவர் "நாளைக்கு அனுப்புறேன்" என்கிறார், ஒருவர் பதிலே போடவில்லை. பதினைந்து பேரிடமிருந்து வந்தது 7,800. குறைவது 1,440. ஆர்டர் போட்டாகிவிட்டது. இனி அந்த மூன்று பேரையும் துரத்திக்கொண்டிருக்க வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டு கையைவிட்டுக் கட்டவேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

மாற்றிச் செய்யுங்கள். ஒரு சுமாரான தொகையும் ஒரு கடைசித் தேதியும் மட்டும் அறிவியுங்கள். செய்தி இப்படி இருந்தால் போதும்: "வரும் 10ஆம் தேதி இரவு 9 மணிக்குள் அனுப்புங்கள். ஆளுக்கு 500 அளவில், கூட்டியோ குறைத்தோ உங்கள் விருப்பம். குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரைப் போடுங்கள். யார் எவ்வளவு என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அட்டையில் எல்லோர் பெயரும் இருக்கும்." கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். கையில் காசு இல்லாத மாதத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அவைதான் ஆறுதல்.

10ஆம் தேதி இரவு கையில் 7,700 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 சதவீதம், அதாவது 616, டெலிவரிக்கும் பேக்கிங்குக்கும் ஆர்டர் போடும் நேரத்தில் விலை சற்று ஏறினால் சமாளிக்கவும் ஒதுக்கிவிடுங்கள். பொருளை 7,000க்குள் தேடுங்கள். பிறகு வரும் பணம் உபரி.

இன்னொன்று. "அனுப்பிட்டேன்" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை வரவாக எழுதாதீர்கள். பரிமாற்றம் பாதியில் நின்றிருக்கலாம், வேறு யாருக்கோ போயிருக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகே பெயருக்கு எதிரே டிக் போடுங்கள்.

கேள்வி: அம்மாவின் 60ஆவது பிறந்தநாளுக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்குகிறோம். என் அக்கா, "என் ஷாப்பிங் கணக்கின் பாஸ்வேர்டைத் தந்துவிடுகிறேன், ஆளாளுக்குப் பார்த்து கார்ட்டில் போடுங்கள்" என்கிறாள். சரிவருமா?

வராது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கணக்கில் அக்காவின் கார்டு விவரம், வீட்டு முகவரி, பழைய ஆர்டர்கள் எல்லாம் இருக்கின்றன. அதைவிட நடைமுறைத் தொல்லை அதிகம். புதிய போனிலிருந்து ஒவ்வொருவர் நுழையும்போதும் ஓடிபி அக்காவுக்குத்தான் போகும். ஒரே நாளில் ஐந்து இடங்களிலிருந்து நுழைந்தால் தளமே சந்தேகப்பட்டுக் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடக்கூடும். கார்ட் ஒன்றுதான் என்பதால், தம்பி போட்டதை அண்ணன் "இது யார் போட்டது?" என்று எடுத்துவிடுவார். ஏற்கெனவே இருப்பது தெரியாமல் இன்னொருவர் அதையே சேர்த்தால் எண்ணிக்கை 2 ஆகிவிடும். பணம் கட்டும் அவசரத்தில் அது கண்ணில் படாது. இரண்டு பெட்டி வந்து இறங்கும்போதுதான் தெரியும்.

இதற்கென்றே பல தளங்களில் பகிரக்கூடிய விஷ் லிஸ்ட் இருக்கிறது. அக்கா தன் கணக்கில் புதிதாக ஒரு பட்டியல் தொடங்கட்டும். பகிர்வதற்கான லிங்க் எடுக்கும்போது இரண்டு வகை இருக்கும்: பார்க்க மட்டும், பார்க்கவும் திருத்தவும். தேர்வு நடக்கும் மூன்று நான்கு நாளைக்குத் திருத்தும் லிங்க். முடிவானதும் திருத்தும் உரிமையை எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் தங்கள் கணக்கில் இருந்தபடியே பொருளைச் சேர்ப்பார்கள். கார்ட்டைத் தொடுவது அக்கா மட்டும். தளத்தில் அந்த வசதி இல்லையென்றால் எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு ஷீட் போதும்.

ஷீட்டிலோ பட்டியலிலோ லிங்க்கை மட்டும் ஒட்டினால் போதாது. பல லிங்க்குகள், நீங்கள் பார்த்த நிறத்தையும் அளவையும் விட்டுவிட்டு முதலில் இருக்கும் வகையைத்தான் திறக்கும். நீலத்தில் நடுத்தர அளவைப் பார்த்துவிட்டு அனுப்புவீர்கள், அக்காவுக்குக் கறுப்பில் பெரியது திறக்கும். அவள் அதையே வாங்கிவிடுவாள். ஆகவே ஐந்து விஷயத்தை எழுத்தில் போடுங்கள்: மாடல் எண், நிறம், அளவு, விற்பவர் பெயர், நீங்கள் பார்த்த விலையும் தேதியும். கடைசி இரண்டும் ஏன் என்றால், டெலிவரி முகவரி மாறினால் அதே பக்கத்தில் விற்பவரும் விலையும் வந்துசேரும் நாளும் மாறக்கூடும். உறுப்பினர் கட்டணம் கட்டியவருக்கு ஒரு விலையும் மற்றவருக்கு ஒரு விலையும் காட்டும் தளங்களும் உண்டு. "எனக்குக் குறைவாகத்தானே காட்டியது?" என்று வீட்டுக்குள் எழும் சண்டையில் பாதி இதனால்தான்.

கார்ட்டில் போட்டுவைத்தால் பொருள் நமக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் அப்படிக் கிடையாது. பணம் கட்டும்வரை விலை ஏறலாம், இருப்புத் தீரலாம்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் கருத்துக் கேட்டேன். 40 லிங்க் வந்துவிட்டது. எதை எடுப்பது?

நாற்பதையும் ஒதுக்கிவையுங்கள். கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்குவதாக, தேதிக்குள் வந்துசேர்வதாக மூன்றை நீங்களே எடுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 தெரிவுகள் வரை கொடுக்கலாம். கொடுக்காதீர்கள், வாக்கு சிதறி எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று விழும். பல விடைகளை அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, 24 மணி நேரக் கெடு சொல்லுங்கள். வாக்குப் போடாதவர்கள் பெரும்பான்மைக்கு ஒத்துக்கொண்டதாகக் கணக்கு என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிட்டால் பின்னால் முணுமுணுப்பு குறையும்.

குரூப்பில் மறையும் செய்திகள் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடு அதில் உண்டு. 7 நாளில் இருந்தால் யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்ற பேச்சே அழிந்துபோகும்.

கேள்வி: குழந்தை பிறந்த தோழி தனக்கு வேண்டியவற்றை விஷ் லிஸ்ட்டாகப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினாள். அப்படியிருந்தும் இரண்டு பேர் ஒரே பொருளை வாங்கிவிட்டோம். பட்டியல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?

பட்டியலுக்குள் நுழைந்து, அங்கிருந்தே கார்ட்டில் போட்டு, பணமும் கட்டி முடித்தால்தான் "வாங்கியாயிற்று" என்று குறி விழும். உங்களில் ஒருவர் பொருளின் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்து வாங்கியிருப்பார், அல்லது வேறு கடையில் வாங்கியிருப்பார். பட்டியலுக்கு அது தெரியாது. இரண்டு பேரும் ஒரே மாலையில் கார்ட்டில் வைத்திருந்தாலும் இதே கதிதான். கார்ட்டில் இருப்பதைப் பட்டியல் வாங்கியதாக எடுத்துக்கொள்வதில்லை.

தோழியைக் கேட்டும் பயனில்லை. ஆச்சரியம் கெடக்கூடாது என்று, வாங்கிய விவரத்தைப் பட்டியலின் சொந்தக்காரரிடமிருந்து மறைக்கும் அமைப்பு பல தளங்களில் இருக்கிறது. அவளுக்கு எல்லாமே வாங்கப்படாதது போலவே தெரியும். இனி அவள் இல்லாத குரூப்பில் "படுக்கை விரிப்பு – நான்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வாங்கப் போங்கள். வேறு இடத்தில் வாங்கியிருந்தால், கையால் குறி போடும் வசதி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே வாங்கிவைத்தால் நிம்மதி என்று ஒரு மாதம் முன்பே ஆர்டர் போட்டோம். விழா அன்று திறந்தால் பழுது. திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இது நியாயமா?

அவர்கள் விதிப்படி பேசுகிறார்கள். திருப்பி அனுப்பும் காலம் பெரும்பாலும் பெட்டி வந்துசேர்ந்த நாளிலிருந்து ஓடும். பரிசாகக் கொடுத்த நாளை யாரும் பார்ப்பதில்லை. 10 நாள் கெடு உள்ள பொருள் 30 நாள் முன்பே வந்து பீரோவில் இருந்தால், கெடு முடிந்து 20 நாள் கழித்துத்தான் அதைத் திறக்கிறீர்கள். உங்கள் பொருளுக்கு உற்பத்தியாளர் வாரண்டி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வழியில் பழுது நீக்கித்தரச் சொல்லலாம். பில் வாங்கியவர் பெயரில் இருக்கும் என்பதால் அதன் பிரதி வேண்டும்.

அடுத்த முறை விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 28ஆம் நாள் முன்பு குரூப் தொடங்குவது. 18ஆம் நாள் முன்பு பண வசூல் மூடுவது. 15ஆம் நாள் முன்பு வாக்கெடுப்பு முடிந்து அன்றே ஆர்டர். ஐந்து முதல் எட்டு நாளில் வந்துசேரும் பொருளாக இருந்தால் விழாவுக்கு 7 முதல் 10 நாள் முன்பு கையில் இருக்கும். பழுது என்றால் மாற்று வரவழைக்க அது போதும். பெயர் பொறிப்பது, அளவு கொடுத்துச் செய்வது போன்ற வேலை இருந்தால் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்னால் தள்ளுங்கள். பெயர் பொறித்த பொருளைப் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்குவதில்லை. ஆகவே எழுத்துப் பிழையை இருவர் சரிபார்த்த பிறகே ஆர்டர் போடவேண்டும்.

பெட்டி வந்த அன்றே பாருங்கள். வெளிப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம். பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக, முகவரிச் சீட்டு தெரியும்படி எடுங்கள். பரிசைத் திறப்பதா என்று சங்கடப்படுவார்கள். கண்ணாடி, பீங்கான், மின்சாதனம் மூன்றையும் கட்டாயம் திறந்து பார்க்கவேண்டும். மின்சாதனத்தைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, வரிசை எண் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பழையபடி மடித்து வைத்துவிடலாம். சீல் உடைந்த பரிசைப் பற்றி யாரும் தவறாக நினைத்துக்கொள்ளப் போவதில்லை. ஓடாத மிக்ஸியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். புத்தகம், துணி போன்றவற்றுக்கு இந்தப் பாடு வேண்டாம். அளவையும் நிறத்தையும் பார்த்தால் போதும்.

கேள்வி: மூன்று பொருள் சேர்த்து ஒரே ஆர்டரில் கூப்பன் போட்டு வாங்கினோம். ஒன்றைத் திருப்பினோம். அதன் விலை 3,000, வந்தது 2,700. மீதி எங்கே? குரூப்பில் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. கூப்பன் தள்ளுபடி மூன்று பொருள்களின் மேலும் விலை விகிதப்படி பிரிந்து விழுந்திருக்கிறது. 6,000, 3,000, 1,000 என்று மூன்று பொருள், மொத்தம் 10,000, கூப்பனில் 1,000 கழிந்தது என்றால் ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் குறைகிறது. 3,000 பொருளுக்கு நீங்கள் உண்மையில் கட்டியது 2,700. அதுதான் திரும்பி வந்தது. பில்லில் பொருள்வாரியாக இருக்கும் தள்ளுபடி வரியைப் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிடுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. "10,000க்கு மேல் வாங்கினால் 1,000 தள்ளுபடி" என்ற கூப்பன். ஒன்றைத் திருப்பியதும் மொத்தம் 7,000க்கு இறங்கிவிடுகிறது, தகுதி போய்விடுகிறது. சில கடைகள் முழுத் தள்ளுபடியையும் பிடித்துக்கொண்டு 2,000 மட்டும் தருவார்கள். இலவச டெலிவரிக்கும் இதே வம்பு. ஆகவே திருப்ப வாய்ப்புள்ள பொருளை (உடை, செருப்பு என்று அளவு பார்த்து வாங்கும் எதுவும்) தனி ஆர்டரில் போடுங்கள்.

ஒரே கார்ட் என்றாலும் உள்ளே மூன்று விற்பவர்கள் இருக்கலாம். பொருளின் பெயருக்கு அடியில் சிறிய எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு தேதி, ஆளுக்கு ஒரு திருப்பும் விதி. மூன்றும் ஒரே நாளில் வேண்டுமென்றால் முடிந்தவரை ஒரே விற்பவரிடம் எடுங்கள்.

ரீஃபண்ட் பணம் கட்டிய வழியிலேயே திரும்பும், அதாவது ஆர்டர் போட்டவர் கார்டுக்கு. பங்குதாரர்களுக்கு அவர்தான் பிரித்து அனுப்பவேண்டும். கார்டில் விழச் சில வேலை நாள்கள் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கார்டுக்கு விழும் ரிவார்டு புள்ளிகளில் எங்களுக்கும் பங்குண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அலைச்சலுக்கு அதையாவது அவருக்கு விட்டுக்கொடுங்களேன்!

கேள்வி: கணவரின் பிறந்தநாளுக்கு நானும் அவர் நண்பர்களும் சேர்ந்து வாங்குகிறோம். வீட்டில் இருவருக்கும் ஒரே ஷாப்பிங் கணக்கு. எப்படி மறைப்பது?

உங்கள் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். நண்பர் ஒருவர் தன் கணக்கில், தன் முகவரிக்கு வாங்கட்டும். பிரைவேட் விண்டோவில் வாங்கினால் தெரியாது என்று நினைப்பது தவறு. அது அந்தக் கணினியில் தேடல் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, கணக்கில் நுழைந்து வாங்கினால் ஆர்டர் பட்டியலில் நன்றாகத் தெரியும்.

கசியும் மற்ற இடங்கள்: இருவரும் பார்க்கும் மின்னஞ்சல், அவர் போனுக்கு வரும் டெலிவரி குறுஞ்செய்தி, வீட்டுக் கணினியில் நீங்கள் ஒருமுறை பார்த்த பொருளே ஒரு வாரத்துக்கு விளம்பரமாகத் துரத்துவது, அலெக்ஸா போன்ற ஸ்பீக்கர் "உங்கள் ஆர்டர் வந்துசேர்ந்தது" என்று வாய் திறப்பது. கடைசியானதற்கு அதன் செயலியில் ஷாப்பிங் அறிவிப்புகளை அணைக்கலாம். பெரிய பொருள்கள் உற்பத்தியாளரின் பெட்டியிலேயே, வெளியே படத்தோடு, மேலுறை இல்லாமல் வருவதுண்டு. ஆர்டர் பக்கத்தில் மறைத்து அனுப்பும் தெரிவு இருந்தால் போடுங்கள்.

நேரடியாகப் பரிசு பெறுபவர் வீட்டுக்கே அனுப்புகிறவர்கள் "இது பரிசு" என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். பல தளங்களில் அதைச் செய்தால்தான் உள்ளே வைக்கும் சீட்டில் விலை வராது. வாழ்த்துக் குறிப்புக்கு எழுத்து எண்ணிக்கை வரம்பு இருக்கும். 18 பெயரும் அதில் அடங்காது, பாதியில் வெட்டுப்படும். குழுவின் பெயரை மட்டும் போட்டுவிட்டு, பெயர்களுக்குத் தனி அட்டை எழுதுங்கள்.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே விலை குறைவு, அவரே வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். லாபமா?

மின்சாதனம் என்றால் பெரும்பாலும் நஷ்டம். வட அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 220 முதல் 240 வோல்ட். லேப்டாப், போன் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். மிக்ஸி, முடி உலர்த்தி, காபி இயந்திரம் போன்றவற்றில் பல ஒரே வோல்ட்டுக்குச் செய்தவை. 120 வோல்ட் சாதனத்தை 230இல் செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது. வாரண்டியும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதுண்டு.

கடையே நேரடியாக அனுப்பினால், பெட்டியின் மேல் பரிசு என்று எழுதியிருந்தாலும் சுங்கத்தில் அதை வணிகப் பொருளாகவே பார்ப்பார்கள், வரி கேட்டுப் பெறுபவருக்கு அழைப்பு வரும். பரிசு பெறுபவரே வரி கட்டி எடுப்பது நன்றாகவா இருக்கும்? அண்ணனே கையில் கொண்டுவருகிறார் என்றால், பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும், விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் 100 வாட்-மணி வரைதான். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி, தப்பிவிடும்.

எளிய வழி, பரிசு பெறுபவர் இருக்கும் நாட்டுத் தளத்திலேயே ஒருவர் வாங்கிவிட்டு, அண்ணன் தன் பங்கை அனுப்புவது. நாணய மாற்றுக் கட்டணம் யார் தலையில் என்பதை முன்பே பேசிவிடுங்கள். அவர் 5,000 அனுப்பி உங்கள் கையில் 4,800 விழுந்தால் அவர் பங்கு 4,800தான்.

கேள்வி: பொருளே வேண்டாம், ஆளுக்கொரு கிஃப்ட் கார்டு வாங்கிச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். எண்ணைச் சுரண்டிப் படம் எடுத்து இன்றே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

நிறுத்துங்கள். முதலில் அவரைப் போனில் கூப்பிட்டு, அவர்தான் அனுப்பினாரா என்று கேளுங்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு. மேலாளர் பெயரில் மின்னஞ்சல் போட்டு, அவசரம் காட்டி, கிஃப்ட் கார்டு எண்ணைப் படமாகக் கேட்பது உலகம் முழுக்க நடக்கும் பழைய மோசடி. எண் கைமாறிய நிமிடத்தில் பணம் எடுக்கப்பட்டுவிடும், திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

உண்மையிலேயே அவர்தான் என்றாலும் பதினெட்டு சிறு கார்டுகள் தொல்லை. பெறுபவர் ஒவ்வொன்றாக எண்ணை அடித்துச் சேர்க்கவேண்டும். காலாவதித் தேதியும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கலாம். பணத்தைச் சேர்த்து ஒரே கார்டாக, பெறுபவர் மின்னஞ்சலுக்கே நேராகப் போகும்படி ஒருவர் வாங்கட்டும். உங்கள் கணக்கில் தவறிப்போய்ச் சேர்த்துவிட்டால் அதை இன்னொரு கணக்குக்கு மாற்றப் பெரும்பாலான தளங்கள் விடுவதில்லை.

கேள்வி: எல்லாம் முடிந்து 184 மிச்சம். 17 பேர் பங்கு போட்டிருந்தோம். ஆளுக்குப் பத்து சொச்சம் திருப்பி அனுப்பவா?

அனுப்பவேண்டாம். வசூல், பில், மிச்சம் என்று மூன்று வரிக் கணக்கைப் பில் படத்தோடு அன்றே குரூப்பில் போடுங்கள். மிச்சத்தில் பூங்கொத்து வாங்கலாமா, அடுத்த பரிசுக்கு வைக்கலாமா என்று கேளுங்கள். ஆளுக்குரிய பங்கில் பத்தில் ஒரு பாகத்துக்கு மேல் மிஞ்சினால் மட்டும், போட்ட விகிதப்படி பிரித்துத் திருப்பிவிடுங்கள். கணக்குப் போட்ட ஷீட்டை, திருப்பும் காலமும் முடியும்வரை அழிக்காதீர்கள்.